போப் சொன்னால் நமக்கென்ன?

போப் லியோ ஏதாவது பேசினால் மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அது வந்துவிடுகிறது. படிப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்ல. ஞாயிறு பூசைக்கே போகாதவர்களுக்கு ரோமிலிருந்து வரும் பேச்சில் என்ன அக்கறை?

அடையாறில் இருப்பவர்களுக்கு இதன் பாதி விடை கண்ணெதிரிலேயே இருக்கிறது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தோடு தொடங்கி செப்டம்பர் 8 வரை நடக்கும். காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். பக்தியை விடுங்கள், படிப்பும் வைத்தியமும் இருக்கின்றன. ஸ்டெல்லா மாரிஸிலும் லயோலாவிலும் படித்தவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அவற்றை நடத்துகிறவர்களுக்கு அவர்களுடைய தலைவர் என்ன சொல்கிறார் என்பது, அங்கே பிள்ளையைச் சேர்க்கும் வீட்டுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்குப் போய் இரண்டாம் ஜான் பாலைச் சந்தித்தார்கள். கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு இருக்கவே கூடாது என்று அவர் அவர்களிடம் நேராகச் சொன்னார். நம் ஊரில் இதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், தலித் கல்லறைகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். செத்த பிறகும் தனி இடம்! போப் பேசிவிட்டதால் சுவர் தானாக இடிந்துவிடாது. ஆனால் அதை எதிர்த்துக் கேள்வி கேட்கிறவருக்கு, அவர் கத்தோலிக்கரோ நாத்திகரோ, கையில் வலுவான சான்று கிடைத்துவிடுகிறது: ‘உங்கள் தலைவரே இப்படிச் சொல்லியிருக்கிறாரே?’ வெளியாட்கள் காது கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

போப்புகளும் இப்போது தங்கள் மந்தைக்கு மட்டும் பேசுவதில்லை. 1963இல் இருபத்து மூன்றாம் ஜான் அமைதி பற்றி எழுதிய சுற்றுமடலை நல்ல மனமுள்ள எல்லோருக்கும் என்றே அனுப்பினார். 2015இல் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி எழுதியது பூமியில் வாழும் ஒவ்வொருவருக்கும். இன்றைய போப் தம் பெயரை, 1891இல் தொழிலாளர் உரிமை பற்றி எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்து வைத்துக்கொண்டார். செயற்கை நுண்ணறிவு உழைப்பாளிகளுக்கு என்ன செய்யப்போகிறது என்ற கவலையையும் அப்போதே சொன்னார். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது தன் சொந்தக் கவலை.

காது கொடுக்கிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கருத்தடை பற்றியோ பெண் குருக்கள் பற்றியோ ரோம் சொல்வதை நான் ஏற்கவில்லை. சுற்றுச்சூழல் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன்.

அடையாறுக்கு இது பழகிய கதை. பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், 1907 முதல் பிரம்மஞான சபையின் தலைவர். சபையின் மறுபிறவித் தத்துவத்தில் நாட்டமே இல்லாதவர்கள்கூட அவருடைய ‘நியூ இந்தியா’ பத்திரிகையை வாங்கிப் படித்தார்கள். காரணம், அவர் கேட்டது இந்தியாவுக்குத் தன்னாட்சி. 1917 ஜூனில் அரசாங்கம் அவரை ஊட்டியில் காவலில் வைத்தபோது நாடு கொந்தளித்தது. தன்னாட்சிக்கான அவருடைய ஹோம் ரூல் இயக்கத்தில் ஜின்னா சேர்ந்தது அதற்குப் பிறகுதான். செப்டம்பரில் விடுதலையானார், டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார்.

1919இல் காந்தியின் சத்தியாக்கிரகத்தை அவர் எதிர்த்தார். சபைக்கு வெளியே அவரைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் மளமளவென்று காந்தி பக்கம் போய்விட்டது. சபைக்கோ 1933இல் இறக்கும்வரை அவர்தான் தலைவர்.