சுட்டியும் அணியும்

'சி' மொழியைக் கற்கப் புகும் மாணவர் பெரும்பாலும் மருளும் இடம் சுட்டியாகும். அணியும் சுட்டியும் ஒன்றே என்று சிலர் கூறுவர். அது முற்றும் சரியன்று. இரண்டிற்கும் உள்ள உறவையும் வேற்றுமையையும் இங்குக் காண்போம்.

கணிப்பொறியின் நினைவகம் எண்ணிட்ட அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையும் ஒரு பைட் கொள்ளும். அறையின் எண்ணே அதன் முகவரி. ஒரே வகை மதிப்புகளை அடுத்தடுத்து இடைவெளியின்றி வைத்தால் அஃது அணி. ஒரு முகவரியையே தன் மதிப்பாகக் கொண்ட மாறி சுட்டி.

'ம' என்னும் அணியில் 5 முழு எண்கள் உள்ளன என்று கொள்வோம். எண் ஒன்றுக்கு 4 பைட் வீதம் மொத்தம் 20 பைட். அணி 2000-ஆம் முகவரியில் தொடங்கினால், ம[3] என்பதற்குக் கணிப்பொறி 2000 + 3 × 4 = 2012 என்று கணக்கிட்டு அவ்விடம் செல்கிறது. ஆகவே அடைப்புக்குறிக்குள் இருப்பது தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவே. முதல் உறுப்புக்குத் தொலைவு ஏதுமில்லை. எனவே அதன் எண் 0.

'சி'க்கு முந்தைய 'பி' மொழியில் அணியின் பெயர் உண்மையிலேயே ஒரு சுட்டி. முதல் உறுப்பின் முகவரியைத் தாங்க நினைவகத்தில் தனியிடம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் 'சி'யை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி அத்தனியிடத்தை நீக்கினார். கோவைகளில் வரும்போது அணியின் பெயர் முதல் உறுப்பின் முகவரியாக மாறுமாறு செய்தார். இதனால் சுட்டிக்குப் புதிய முகவரி தரலாம். அணியின் பெயருக்குத் தர இயலாது. அளவு கேட்டால் நம் அணி 20 பைட் என்னும். 64 பிட் கணிப்பொறியில் சுட்டி 8 பைட் என்னும்.

இதில் ஓர் இடரும் உண்டு. அணியைச் சார்புக்கு அனுப்பும்போது முகவரி மட்டுமே செல்கிறது, நீளம் செல்வதில்லை. ம[7] என்று எழுதினாலும் 2028-க்குச் செல்ல முற்படுமேயன்றி, மொழி தானாகத் தடுப்பதில்லை. அங்கே வேறொரு மாறி இருந்தால் அது அழியும். 1988 நவம்பர் 2-இல் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, 512 பைட் அணியொன்றில் அதனினும் நீண்ட செய்தியைச் செலுத்தியே பல கணிப்பொறிகளுக்குள் நுழைந்தது. நீளம் பாராமல் செய்தியை வாங்கிய 'கெட்ஸ்' என்னும் சார்பு 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் நீக்கப்பட்டது.

எனவே முகவரியை அனுப்பும் இடமெல்லாம் நீளத்தையும் உடன் அனுப்புக. எல்லை காப்பது நிரல் எழுதுவோரின் கடமையாகும்.