நெதர்லாந்தில் வாடகை வீடு: ஊரிலிருந்து பணம் அனுப்பும் முன் அறிய வேண்டியவை



நமது மஹல்லாவில் வெளிநாடு என்றால் ஒரு காலத்தில் சவூதி, துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா ஆகியவைதான். இப்போது பொறியியலும் கணினியும் படித்த பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் செல்கிறார்கள். அவர்களில் சிலர் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமை ஒட்டியுள்ள ஆம்ஸ்டெல்வேன், ஐந்தோவனை ஒட்டியுள்ள வெல்டோவன் போன்ற அமைதியான புறநகர்களில் குடும்பத்தோடு தங்க விரும்புகிறார்கள். வேலை கிடைப்பதைவிட வீடு கிடைப்பது அங்கே சிரமம். அந்தச் சிரமத்தின் சுமை பல நேரங்களில் ஊரில் இருக்கும் பெற்றோர் மீதும் விழுகிறது. "அட்வான்ஸ் உடனே அனுப்ப வேண்டும்" என்று பிள்ளை போன் செய்தால், நகையை அடகு வைத்தாவது அனுப்பிவிடுகிறோம். ஆகவே போகிறவர்களும் அனுப்புகிறவர்களும் சேர்ந்து படிக்கும்படி இந்த விவரங்களைத் தருகிறோம்.

முகவரி இல்லாமல் எதுவும் நடக்காது

வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் கம்பெனியே தங்குமிடம் தரும். இல்லாவிட்டால் பெட் ஸ்பேஸ் எடுத்துச் சமாளிக்கலாம். நெதர்லாந்தில் அப்படிச் சமாளிக்க முடியாது. நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர், வந்து சேர்ந்த 5 நாட்களுக்குள் அந்த ஊர் நகராட்சியில் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். சம்பளம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்தவை. மருத்துவக் காப்பீட்டை நான்கு மாதத்துக்குள் எடுப்பதும் கட்டாயம்.

ஆகவே வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த முகவரியில் நாங்கள் பதிவு செய்துகொள்ளலாமா?" கூடாது என்று சொல்லும் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பெரும்பாலும் அது அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடப்படும் வீடாக இருக்கும். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பதற்கும் பல நகராட்சிகளில் தனி அனுமதி தேவை.

எந்த வீடு நமக்குக் கிடைக்கும்?

குறைந்த வருமானக்காரர்களுக்காக வீட்டுவசதிக் கழகங்கள் நடத்தும் சமூக வீடுகள் அங்கே ஏராளம். ஆனால் அவற்றுக்கு வருமான வரம்பு உண்டு. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்க வேண்டும். புதிதாகச் செல்பவருக்குத் தனியார் வீடுதான் வழி.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பெண் உண்டு. பரப்பளவு, மின்சாரம் மற்றும் எரிவாயு சிக்கனத்தைக் காட்டும் எனர்ஜி லேபிள், சமையலறை, குளியலறை, அரசு மதிப்பிட்ட வீட்டு விலை ஆகியவற்றை வைத்து இது கணக்கிடப்படுகிறது. 143 மதிப்பெண் வரை குறைந்த வாடகை வீடு. 144 முதல் 186 வரை நடுத்தர வாடகை வீடு. இந்த இரண்டுக்கும் உச்ச வாடகையைச் சட்டமே நிர்ணயிக்கிறது. 187 அல்லது அதற்கு மேல் என்றால் உரிமையாளர் கேட்பதுதான் வாடகை. 2025 ஜனவரி முதல் புதிய ஒப்பந்தங்களோடு இந்த மதிப்பெண் கணக்கையும் உரிமையாளர் இணைத்துத் தர வேண்டும். வாடகை அதிகம் என்று தோன்றினால் 'ஹூர்கமிஸ்ஸி' எனப்படும் வாடகைத் தீர்ப்பாயத்தில் ஒப்பந்தம் தொடங்கிய முதல் 6 மாதத்துக்குள் முறையிட்டுவிடுவது நல்லது.

மூன்று வகை வீடுகள்

விளம்பரத்தில் வரும் மூன்று டச்சுச் சொற்களைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பணம் வீணாகும். 'காஹ்ல்' என்றால் வெறும் வீடு. நம் ஊரில் வெறும் வீடு என்றாலும் தரையில் டைல்ஸ் இருக்கும். அங்கே தரை விரிப்போ பலகையோ இருக்காது. சிமெண்ட் தளம் மட்டும் இருக்கும். திரைச்சீலையும் மின்விளக்கும்கூட இல்லாமல் இருக்கலாம். 'ஹெஸ்டோஃபேர்ட்' என்றால் தரையும் திரைச்சீலையும் உண்டு. 'ஹெமூபிலேர்ட்' என்றால் கட்டில், சோபா முதலிய சாமான்களோடு வரும் வீடு. வெறும் வீடு வாடகை குறைவு என்று எடுத்துவிட்டு, தரை போடவே பெருந்தொகை செலவழிப்பவர்கள் உண்டு.

அதேபோல் 'வெறும் வாடகை' வேறு, மொத்த வாடகை வேறு. எரிவாயு, மின்சாரம், தண்ணீர், இணையம், பொதுப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றில் எதெல்லாம் சேர்ந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். குப்பை வரியும் நீர்வாரிய வரியும் தனியாக, குடியிருப்பவர் பெயரிலேயே வரும். எனர்ஜி லேபிள் ஏ-யிலிருந்து ஜி வரை போகும். எஃப், ஜி என்று இருந்தால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு கையைக் கடிக்கும்.

எவ்வளவு பணம் தேவைப்படும்?

ஒரு கணக்கு பார்ப்போம். வெறும் வாடகை மாதம் 1,800 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஆம்ஸ்டர்டாம் பக்கம் ஒரு குடும்ப வீட்டுக்கு இதைவிட அதிகமும் கேட்பார்கள். 2023 ஜூலை 1-க்குப் பின் போடப்பட்ட ஒப்பந்தங்களில் இரண்டு மாத வெறும் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக அட்வான்ஸ் 3,600, முதல் மாத வாடகை 1,800, மொத்தம் 5,400 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். இதுபோக, வாடகையைப் போல மூன்று அல்லது நான்கு மடங்கு மாதச் சம்பளம் இருப்பதற்கு வேலை தரும் நிறுவனத்தின் கடிதத்தையும் கேட்பார்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு, அங்கே ஒருவர் ஐந்து மாதம் கேட்டாலும் நியாயமாகத் தோன்றிவிடும். அது சட்டவிரோதம். வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் புரோக்கர் குடியிருப்பவரிடமும் கமிஷன் வாங்குவதும் சட்டவிரோதம். வீட்டைக் காலி செய்யும்போது பிடித்தம் எதுவும் இல்லையென்றால் 14 நாட்களுக்குள்ளும், பிடித்தம் இருந்தால் கணக்கோடு 30 நாட்களுக்குள்ளும் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். குடியேறும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, தேதியுடன் உரிமையாளருக்கு அனுப்பி வைத்தால் பிற்பாடு தகராறு வராது.

ஏமாற்றுக்காரரை அடையாளம் காண்பது

வீட்டுப் பஞ்சம் இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும். பெரும்பாலும் ஒரே கதைதான். படம் அழகாக இருக்கும். வாடகை குறைவாக இருக்கும். உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்வார். நேரில் காட்ட ஆளில்லை, அட்வான்ஸ் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்பார். "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள்" என்று அவசரப்படுத்துவார். பாஸ்போர்ட் நகலையும் கேட்பார்.

இதற்கு நாம் கைக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: வீட்டுக்குள் கால் வைக்காமல், ஒப்பந்தம் கையெழுத்தாகாமல், ஒரு யூரோவும் அனுப்பக் கூடாது. பிள்ளை இன்னும் ஊரில் இருந்தால், அங்கே இருக்கும் நம்பகமான ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். அதுவரை நிறுவனம் தரும் தற்காலிகத் தங்குமிடம் போதும். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை 'காடாஸ்டர்' என்ற நிலப்பதிவு அலுவலகத்தில் சில யூரோ கட்டணத்தில் இணையம் வழியே பார்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போலத்தான். பாஸ்போர்ட் நகல் கொடுக்க வேண்டிவந்தால், டச்சு அரசின் 'காப்பி ஐடி' செயலியில் எண்களை மறைத்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்று மேலே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தம்

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. வாய்ப்பேச்சை நம்பி வீடு எடுப்பது நமக்கு அழகல்ல.

நம் ஊரில் 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். நெதர்லாந்தில் 2024 ஜூலை முதல், காலவரம்பற்ற ஒப்பந்தமே பொது விதி. மாணவர் போன்ற சில பிரிவினருக்கு மட்டுமே தற்காலிக ஒப்பந்தம் உண்டு. வாடகையை ஒழுங்காகக் கட்டும் குடித்தனக்காரரை உரிமையாளர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் வாடகை ஒப்பந்தம் அப்படியே தொடரும். வாடகை உயர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான். அதற்கும் அரசின் உச்சவரம்பு உண்டு. குடியிருப்பவர் காலி செய்யப் பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்பு போதும்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உரிமையாளர் சில ஆண்டுகள் வெளிநாடு சென்றுவிட்டுத் திரும்பி வந்து அதே வீட்டில் குடியிருக்கப் போகிறார் என்றால், ஒப்பந்தத்தில் 'டிப்ளமாட் விதி' என்ற பிரிவு இருக்கும். அவர் திரும்பும்போது காலி செய்தாக வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு இதைக் கண்டு திகைப்பதைவிட, கையெழுத்துக்கு முன்பே படித்துக்கொள்வது மேல். டச்சு ஒப்பந்தம் புரியாவிட்டால் 'யூரிடிஷ் லோகெட்' என்ற சட்ட உதவி மையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

பெயரைக் கேட்டதும் மறுத்தால்

நம் நாட்டுப் பெருநகரங்களில் வீடு கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் "இப்போதுதான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம்" என்ற பதிலைக் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. நெதர்லாந்திலும் இந்த நோய் இல்லாமல் இல்லை. ஆனால் மருந்தும் உண்டு. மதம், இனம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுப்பது அங்கே சட்டப்படி தவறு. எந்த அளவுகோலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை உரிமையாளரும் புரோக்கரும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நகராட்சியிலும் மனித உரிமைக் கழகத்திலும் புகார் செய்யலாம். இதற்காகவே மின்னஞ்சல்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நம் வாழ்க்கைக்கு ஏற்ற வீடா?

டச்சுப் புறநகர் வீடுகள் பெரும்பாலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பவை. கீழே முன்னும் பின்னும் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த வரவேற்பறை. மேலே செங்குத்தான படியேறினால் படுக்கையறைகளும் குளியலறையும். தெருவில் போகிறவருக்கு வீட்டின் உள்ளே எல்லாம் தெரியும். பர்தா பேணும் வீடுகள் முதல் வாரத்திலேயே ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒட்டும் மங்கல் தாளோ மடிப்புத் திரையோ போட்டுக்கொள்வது நல்லது. எளிதில் கழற்றக்கூடிய சிறு மாற்றங்களுக்கு உரிமையாளர் அனுமதி தேவையில்லை. கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு குவளை ஊரிலிருந்தே போகட்டும். இண்டக்ஷன் அடுப்பில் அடி வளைந்த சட்டி ஏறாது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெரியவர்களுக்கு அந்தப் படிக்கட்டு சிரமம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். இஷா அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கிவிட்டிருப்பார். ஸஹருக்கு எழுந்து பாத்திரம் உருட்டினாலும் சுவர் வழியே கேட்கும். இரவு 10 முதல் காலை 7 வரை அமைதி காப்பது அங்கே பரவலான வழக்கம். குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், சமையல் கழிவு, மற்றவை என்று பிரித்து, குறித்த நாளில் வைக்க வேண்டும். தோட்டத்தைச் செம்மையாக வைத்திருப்பதும் குடித்தனக்காரர் கடமை. கூரை, ஹீட்டர் போன்ற பெரிய பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே துணி உலர்த்தினால் சுவரில் பூஞ்சை பிடித்து, அட்வான்ஸில் பிடித்தம் வரும். குடியேறிய வாரத்தில் இரு பக்க வீட்டுக் கதவையும் தட்டி, பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது. அண்டை வீட்டார் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கே ஏறக்குறைய இருபதில் ஒருவர் முஸ்லிம். பெரும்பாலோர் துருக்கி, மொராக்கோ வழிவந்தவர்கள். பெரிய ஊர்களில் பள்ளிவாசலும் ஹலால் கறிக்கடையும் உண்டு. அரசு நிதியில் நடக்கும் இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் புறநகரில் இவை பக்கத்திலேயே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சைக்கிளில் எத்தனை நிமிடம் என்று பார்த்தே வீட்டை முடிவு செய்ய வேண்டும்.

புறப்படும் முன் ஊரில் செய்ய வேண்டியது

குடும்பம் அனைவரின் பிறப்புச் சான்றிதழுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் நமது வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டின் நகல் மட்டும் போதாது. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அரசுப் பதிவு எல்லா மதத்தாருக்கும் கட்டாயம். பதிவு செய்யாதவர்கள் விசா கையில் வந்த பிறகு ஓடாமல், இப்போதே செய்துகொள்ளுங்கள். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை பணம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டை நேரில் பார்த்தாயா? ஒப்பந்தம் கையில் இருக்கிறதா? அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பொறுங்கள். வீடு இன்னொன்று கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஹலாலான பணம் எளிதில் திரும்பக் கிடைக்காது.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு நிம்மதியான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.