குடியை விட்டவர்கள் கூடும் இடம்

கண்டியில் தவறணைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்குத்தான் வழி கேட்க வேண்டும், கேட்கவோ வெட்கம். கலஹாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, நகரத்து இரும்புக்கடையில் கணக்கெழுதும் எனக்கு அந்த வெட்கம் நன்றாகத் தெரியும். நான் குடிப்பது லயம் முழுவதற்கும் தெரியும். ஆனாலும் 'விடப்போகிறேன்' என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. போயாவன்று கடை மூடிவிடுவார்களே என்று முதல்நாளே போத்தல் வாங்கி ஒளித்து வைத்த ஆள் நான்.

கூட்டம் தேடுமுன் டொக்டரைப் பாருங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் தேநீரிலோ கறியிலோ மருந்து கலந்து கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். குடியை வெறுக்கச் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்துகள் சாராயத்தோடு சேர்ந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

உடம்பு தேறிய பிறகுதான் கூட்டம். 'ஏ.ஏ.' என்று சுருக்கமாகச் சொல்லும் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கியது. பங்குத்தரகர் பில் வில்சனும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பொப் ஸ்மித்தும் குடியில் சிக்கியவர்கள். ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியே மீண்டார்கள். இன்றும் அங்கே மருந்து அந்தப் பேச்சுத்தான். 27 ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு ஒன்று இருக்கிறது. குடியைத் தொடர்ந்து விட்டிருக்கச் செய்வதில், ஏ.ஏ. கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் முறையான சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடிய பலன் தந்ததாக அது சொல்கிறது.

கூட்டத்தில் என்ன நடக்கும்? வட்டமாகக் கதிரைகள், ஒரு கோப்பைத் தேநீர். ஒருவர் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், புத்திமதியும் சொல்லமாட்டார்கள். பேச விருப்பமில்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கலாம். சந்தா கிடையாது, உண்டியல் சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் விடலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகும் தகுதி. அங்கே கண்டவரையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் என் பெயரும் கூட்ட இடமும் இல்லாததற்கு அதுவே காரணம்.

ஏற்ற கூட்டத்தைத் தெரிவுசெய்ய முதலில் பார்க்க வேண்டியது மொழி. நான் முதலில் போன கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. பாதி புரிந்தது, ஆனால் என் வயிற்றெரிச்சலைச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. அடுத்தது சிங்களம். கடைத்தெருவில் புழங்கிய மொழி என்பதால் காதில் ஏறியது. "மல்லி, தமிழிலேயே சொல்லுங்கள்" என்றார் ஒரு முதியவர். சொன்னேன். பாதிப்பேருக்குச் சொற்கள் புரியாவிட்டாலும் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது நாளும் பஸ்ஸும். எந்த மாலையில் உங்களுக்குக் கால் தவறணைப் பக்கம் திரும்புகிறதோ அந்த மாலைக் கூட்டத்தைப் பிடியுங்கள். எனக்குச் சனிக்கிழமை, அதிலும் சம்பளச் சனி. கூட்டம் முடிந்து கடைசி பஸ் கிடைக்குமா என்றும் பாருங்கள். பஸ்ஸைத் தவறவிட்டு நகரத்தில் நிற்பது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதில்லை.

சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டும் உரியவை. சிலவற்றுக்குக் குடும்பத்தாரும் வரலாம். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தேவாலய மண்டபத்தில் நடப்பதைக் கண்டு மிரள வேண்டாம். அங்கே பேசப்படும் கடவுள் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள். ஆண்கள் நிறைந்த அறைக்குள் போகத் தயங்கும் பெண்கள், பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் தொடங்கலாம். வீட்டாருக்கு 1951இல் உருவான அல்-அனொன் என்ற தனி அமைப்பு இருக்கிறது. குணப்படுத்துவதாக உத்தரவாதம் தருபவரையும், கட்டணம் கேட்பவரையும், டொக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவரையும் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம் உண்டு. சில தடவை போனால்தான் பிடிபடும்.

தமிழில் கேட்டே ஆகவேண்டும் என்பவர்களுக்கு, தமிழ்நாட்டுக் குழுக்கள் நடத்தும் இணையவழிக் கூட்டங்கள் கைகொடுக்கும். ஆனால் கைபேசிச் சிக்னல் எட்டாத லயங்கள் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் இன்னும் உண்டு. ஏ.ஏ. மரபின்படி, குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. பதிவோ, தலைவரோ, கட்டடமோ வேண்டாம். வாசகசாலையில் ஒரு மூலையும் இரண்டு கதிரையும் போதும். குடியை விட்ட தோட்டத்து அண்ணன்மார், அக்காமார் வாரத்தில் ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். தமிழில் பேச ஆள் தேடி இனி யாரும் கண்டி வரை அலைய வேண்டாம்.