பழைய மேசை வாங்கலாம், வாருங்கள்!

மகள் படிக்க மேசை கேட்கிறாள். புதிது வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

சென்னையை அடுத்த பல்லாவரத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சந்தை கூடுகிறது. பழைய மேசை, நாற்காலி, துணிமணி எல்லாம் கிடைக்கும். 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டிலும் இப்படித்தான் பழைய சாமான்கள் குவிந்து கிடந்தன.

"பழசா?" என்று முகம் சுளிக்காதீர்கள். நல்ல தேக்கு மேசை பேரன் காலம்வரை உழைக்கும். வார்னிஷ் அடித்தால் புதுசுதான்!

ஆனால், பார்த்து வாங்க வேண்டும். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். சிறு துளைகளில் இருந்து மாவு உதிர்கிறதா? உள்ளே புழு இருக்கிறது, வேண்டாம். கால்களை ஆட்டிப் பாருங்கள். துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். நைந்த இடம் தெரிந்துவிடும். பருத்தித் துணியானால் வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்தி உடுத்துங்கள்.

மேசை பழசாக இருக்கலாம். அதில் படித்த படிப்பு பழசாகுமா?