தக்காளி நடத்தும் பொருளாதார வகுப்பு



பொருளாதாரம் என்றாலே "ஐயோ, அது காமர்ஸ் குரூப் பாடம், நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்குபவர்கள் நம்மில் பலர். ஆனால் தினமும் நம் வீட்டு ரசத்துக்குள் ஒரு பொருளாதார வகுப்பு நடக்கிறது. ஆசிரியர் யார் தெரியுமா? தக்காளி!

சில வருடங்களில் தக்காளியை விவசாயிகள் ரோட்டில் கொட்டுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். சிலர் செடியோடு மாட்டுக்கு விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து, "கொட்டுறதுக்குப் பதிலா கம்மி விலைக்கு வித்தா என்னவாம்? அவ்வளவு திமிரா?" என்று கேட்பவர்கள் உண்டு. திமிர் இல்லை நண்பர்களே, கணக்கு! அது என்ன கணக்கு என்று நான்கு பாடங்களில் பார்ப்போம்.

பாடம் 1: விலையை யார் வைக்கிறார்கள்?

வாங்க விரும்புபவர்கள் கையில் காசோடு கேட்கும் அளவு 'தேவை'. விற்பவர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் அளவு 'அளிப்பு'. இந்த இரண்டும் சேர்ந்துதான் விலையை வைக்கின்றன. ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற இங்கிலாந்து பொருளாதார அறிஞர் 1890-ல் வெளியிட்ட தன் நூலில் இதைக் கத்தரிக்கோலுக்கு ஒப்பிட்டார். துணியை வெட்டியது மேல் அலகா, கீழ் அலகா என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். கர்நாடகாவின் கோலார் பகுதியில் வெள்ளை ஈ தாக்கி விளைச்சல் குறைந்தது. வடக்கே மழையால் லாரி போக்குவரத்தும் பாதித்தது. அளிப்பு குறைந்தது, விலை ஏறியது. அப்போது தமிழக அரசு ரேஷன் கடைகள் மூலம் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அதே வருடம் செப்டம்பரில் வரத்து குவிந்தது. ஆந்திரா, மகாராஷ்டிரா சந்தைகளில் விவசாயிக்குக் கிலோவுக்கு 10 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இரண்டே மாதத்தில் தலைகீழ்!

பாடம் 2: விலை பாதியானால் இரண்டு மடங்கு சாப்பிடுவோமா?

மாட்டோம். ரசத்துக்கு நாலு தக்காளி என்றால் நாலுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று எட்டு போட்டால் அம்மா கரண்டியைத் தூக்குவார்! விலை மாறும்போது நாம் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதற்குத் 'தேவை நெகிழ்ச்சி' என்று பெயர். தக்காளிக்கு இது குறைவு.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். 100 கிலோ, கிலோ 20 ரூபாய்க்கு விற்றால் 2,000 ரூபாய். அமோக விளைச்சலில் 130 கிலோ வந்து, விலை 10 ரூபாயாக இறங்கினால் 1,300 ரூபாய்தான். விளைச்சல் ஜாஸ்தி, வருமானம் கம்மி! நன்றாக விளைந்த வருடத்திலும் விவசாயி கடனாளி ஆவது இப்படித்தான்.

பாடம் 3: பறிக்காமல் விடுவது ஏன்?

இதுதான் முக்கியமான பாடம். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 15 கிலோ பெட்டி ஒன்றுக்கு நாற்று, உரம், மருந்து, உழவு எல்லாம் சேர்த்து 60 ரூபாய் ஏற்கெனவே செலவாகிவிட்டது. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது திரும்பாது. இனி ஆகப்போகும் செலவு: பறிப்புக் கூலி 25, வண்டி வாடகை 20, இறக்கு கூலி 5, கமிஷன் மண்டிக்கு விற்ற விலையில் 10 சதவீதம்.

பெட்டி 80 ரூபாய்க்குப் போனால்: இனி ஆகும் செலவு 58. கையில் மிச்சம் 22. மொத்தத்தில் 38 ரூபாய் நஷ்டம்தான். ஆனால் பறிக்காமல் விட்டால் 60 ரூபாய் நஷ்டம். எனவே பறிப்பதே நல்லது.

பெட்டி 50 ரூபாய்க்குப் போனால்: இனி ஆகும் செலவு 55. பறித்து விற்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து இன்னும் 5 ரூபாய் போகும்! பறிக்காமல் விட்டால் அந்த 5 ரூபாயாவது மிஞ்சும்.

அப்படியானால் ரோட்டில் கொட்டுபவர்? பறித்து, வண்டி பிடித்துச் சந்தைக்கு வந்த பிறகுதான் அவருக்கு விலையே தெரிகிறது. திரும்பக் கொண்டுபோக மறுபடி வாடகை. தக்காளி நாலு நாள் தாங்காது. வேறு என்ன செய்வார்?

நாமும் இதிலிருந்து கற்கலாம். முடிவு எடுக்கும்போது, போன காசைப் பார்க்கக் கூடாது. இனி போகும் காசையும் வரும் காசையும்தான் பார்க்க வேண்டும்.

பாடம் 4: எல்லாரும் ஒன்றாகப் போடுவது ஏன்?

விதை போட்டுக் காய் பறிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்று விலை 100 ரூபாய் என்றதும் ஊரே தக்காளி நடுகிறது. மூன்று மாதம் கழித்து ஊரே அறுவடை செய்கிறது. விலை விழுகிறது. "இனி தக்காளி பக்கமே போகக் கூடாது" என்று எல்லாரும் விலகுகிறார்கள். அடுத்த முறை தட்டுப்பாடு, விலை ஏற்றம். இந்தச் சுழற்சியை வரைபடமாக வரைந்தால் சிலந்தி வலை மாதிரி இருக்கும். அதனால் 1934-ல் நிக்கோலஸ் கால்டோர் என்ற அறிஞர் இதற்குச் சிலந்தி வலை என்றே பெயர் வைத்தார். வலையில் சிக்குவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வழி உண்டா?

* 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இதில் கமிஷன் மிச்சம். ஆனால் ஊரெல்லாம் குவியும் விளைச்சலுக்கு இது மட்டும் போதாது.

* தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு விலை ஆட்டத்தைக் குறைக்க, 2018-19 மத்திய பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் அறிவிக்கப்பட்டது.

* குளிர்பதனக் கிடங்கு, சாஸ், தொக்கு தயாரிக்கும் சிறு ஆலைகள் பக்கத்திலேயே இருந்தால் மிஞ்சும் காய் வீணாகாது.

* பக்கத்துக் காட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, கூடிப் பேசி, மாற்றி மாற்றி நடலாம். இதற்குக் காசு செலவே இல்லை!

நம் பள்ளியில் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. இன்று மாலை வீட்டில் ஒரு நோட்டு எடுத்து, ஒரு பெட்டிக்கு என்ன செலவு என்று அப்பா, அம்மாவிடம் கேட்டு எழுதிப் பாருங்கள். மற்றவர்கள், கடையில் பேரம் பேசும் முன் 3-ஆம் பாடத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்கு வேலை: மேலே உள்ள கணக்கில், பெட்டி என்ன விலைக்குப் போனால் விவசாயிக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை? (60 ரூபாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிஷனை மறக்காதீர்கள்!) விடை தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதலாம்.

— 11-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு