ஒருவனா, பலரா?

அகதி விண்ணப்ப விசாரணையில் நம்மவர் ஒருவர் "அவனுடன் சிநேகிதமானேன்" என்கிறார் என்று கொள்வோம். ஆங்கிலத்தில் அது "மேட் பிரண்ட்ஸ் வித் ஹிம்" என்றே பதிவாகும். பின்னர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுபவர் "நண்பர்கள்" என்றுவிட்டால் ஒருவன் பலராகிவிடுகிறான். முன்னுக்குப்பின் முரண் என ஐயுற அதுவே போதும்.

ஒரே ஒருவனுக்குப் பன்மை ஏன்? ஆங்கிலம் இங்கே இரு பக்கத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. நானும் அவனுமாக நண்பர்கள். பின்வரும் "வித்" எதிர்ப்பக்கத்தவனைக் காட்டுகிறது. "ஷேக் ஹாண்ட்ஸ் வித்" என்பதிலும் இருவர் கைகளே எண்ணப்படுகின்றன. "சேஞ்ச் ட்ரெயின்ஸ்" என்றால் இறங்கிய புகையிரதம் ஒன்று, ஏறியது மற்றொன்று. நாமோ கைலாகு கொடுத்தோம், புகையிரதம் மாறினோம் என்று ஒருமையோடு நின்றுவிடுகிறோம். அஃறிணைப் பெயருக்குக் "கள்" கட்டாயமில்லை என்பது தொல்காப்பியர் காலத்து வழக்கன்றோ! "உடன்" என்னும் உருபும் நமக்குப் பெயரின் பின்னேதான். அவர்களது "வித்" முன்னே நிற்கும்.

ஆகவே வாக்குமூலத்தில் "ஹி வாஸ் மை பிரண்ட்" என ஒருமையில் எழுதுவிப்பதே பாதுகாப்பு என்பது நமது கருத்து. ஒப்பமிடுமுன், "பிரண்ட்ஸ்" வரும் இடங்களில் எத்தனை பேர் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.