டேவிட் சிலை கற்பிக்கும் எலும்புப் பாடம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நெடுநேரம் நிற்க நேரும்போது என்ன செய்கிறீர்கள்? உடலின் எடையை ஒரு காலில் ஏற்றி, மற்றக் காலைச் சற்றே மடக்கித் தளர்த்திக்கொள்கிறீர்கள் அல்லவா? அப்போது உங்கள் எலும்புக்கூட்டில் நிகழும் மாற்றங்களை 500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்பி சலவைக்கல்லில் காட்டிவிட்டார்.

அவர்தான் மைக்கேலேஞ்சலோ. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1501 முதல் 1504 வரை அவர் செதுக்கிய டேவிட் சிலையின் உயரம் 5.17 மீட்டர். இளமையிலேயே ஒரு மடத்தின் மருத்துவமனையில் சடலங்களை அறுத்து ஆராய்ந்தவர் அவர். தோலுக்கு அடியில் இருப்பதை அறிந்தே தோலைச் செதுக்கினார்.

சிலையின் முன்புறப் படம் ஒன்றைப் பாருங்கள். எடையைத் தாங்குவது டேவிட்டின் வலக்கால். எனவே இடுப்பெலும்பு வலப்பக்கம் உயர்ந்தும் இடப்பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. தோள்களிலோ வலத்தோள் தாழ்ந்திருக்கிறது. இந்த இரு சாய்வுகளையும் இணைக்க முதுகெலும்பு வளைந்தாக வேண்டும். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அடுக்கப்பட்ட 24 முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் சிறிதளவே அசைகின்றன. எல்லாம் சேர்ந்து அழகிய வளைவாகிறது.

இந்த வளைவு அழகுக்காக மட்டுமா? இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் இடத்தோளும் இடப்பாதத்தின் வெளி விளிம்பும் சுவரைத் தொடுமாறு நில்லுங்கள். இப்போது வலக்காலைத் தூக்குங்கள் பார்ப்போம்! முடியாது. ஒரு காலில் நிற்க வேண்டுமானால் உடலின் ஈர்ப்பு மையம் அந்தப் பாதத்திற்கு நேர் மேலே வந்தாக வேண்டும். இடுப்பு பக்கவாட்டில் நகர்ந்தால்தான் அது வரும். சுவர் அதைத் தடுக்கிறது. இடுப்பு ஒரு பக்கம் நகர, தோள் மறுபக்கம் சாய்ந்து ஈடுசெய்கிறது. டேவிட்டின் உடலில் நாம் காண்பது இந்தச் சமநிலைக் கணக்கைத்தான்.

ஆனால் நமக்கும் டேவிட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் சற்றே சாய்ந்தாலும் கணுக்கால் தசைகள் உடனே இழுத்துச் சரிசெய்கின்றன. கல்லுக்குத் தசை ஏது? அதனால்தான் வலக்காலுக்குப் பின்னே ஒரு மரக்கட்டையையும் சேர்த்துச் செதுக்கினார் சிற்பி. அப்படியும் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கும் கால்களின் கீழ்ப்பகுதியில் நுண்ணிய விரிசல்கள் விழுந்துள்ளன. திறந்தவெளிச் சதுக்கத்தில் நின்ற சிலை 1873இல் கட்டடத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டது. 2014இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிறிய ஜிப்சம் மாதிரிகளைச் சாய்த்துவைத்து, மையவிலக்குப் பொறியில் சுழற்றி, அவற்றின் எடையைப் பன்மடங்கு கூட்டினர். அதே போன்ற விரிசல்கள் மாதிரிகளின் கால்களிலும் தோன்றின! சாய்வு சில பாகைகள் கூடினாலே ஆபத்து என்பது இதனால் விளங்கியது.

நாளை கூட்டத்தில் கால் மாற்றி நிற்கும்போது, உங்கள் இடுப்பெலும்பின் இருபக்க மேல் விளிம்புகளிலும் விரல்களை வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் உயர்கிறது? டேவிட் சொன்னது சரிதானா?